இன்சூரன்ஸ் கம்பெனி பாதிப் பணம்தான் தருகிறது, என்ன செய்யலாம்?

நாங்குநேரி பக்கம் நாலுவழிச்சாலையில் மாடு குறுக்கே வந்து காரின் முன்பக்கம் நசுங்கிவிட்டது, பில்லில் பாதிதான் தருவோம் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பாலிசியைப் பாருங்கள் அண்ணாச்சி. வெறும் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான பாலிசி) என்றால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

காம்ப்ரிஹென்சிவ், அதாவது உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால், பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமான், டயர், பேட்டரி இதற்கெல்லாம் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், அது விதிப்படிதான், ஆனால் முன்கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுத்திருந்தால் பம்பருக்கும் பிடிக்கக் கூடாது. அதனால் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப் பில்லையும் அதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள், எதில் கை வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கணக்கு ஒத்துவரவில்லையா, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசியதற்கு ஆதாரம் இருக்காது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அப்புறம் ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பிரச்சினை தீரும்வரை 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்கிற தாளில் மட்டும் தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.