இரண்டு ஆலம்பாடி மாட்டுக்கு எவ்வளவு தாள் (காய்ந்த தீவனம்) சேர்த்து வைப்பது?

வணக்கம் ஐயா. பென்னாகரம் பக்கம் இரண்டு ஆலம்பாடி இன நாட்டு எருதுகள், ஒவ்வொன்றும் 300 கிலோ இருக்கும், மாசி முதல் வைகாசி வரை எவ்வளவு தீவனம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

உடல் எடையில் 100 கிலோவுக்கு நாளைக்கு இரண்டரை கிலோ உலர் தீவனம் (ஈரம் நீக்கிய எடை) என்று வையுங்கள், ஒரு மாட்டுக்கு ஏழரை கிலோ வரும். காய்ந்த தாளிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும், அதனால் ஒரு மாட்டுக்கு நாளைக்கு 8 கிலோ. இரண்டுக்கும் 120 நாளைக்கு 1,920 கிலோ ஆகிறது. மிதித்து வீணாவதையும் சேர்த்து 2,100 கிலோ வாங்கிவிடுங்கள்.

ஆனால் முழுக்க நெல் வைக்கோலாக அடுக்கிவிடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நம் பக்கம் கேழ்வரகுத் தாள் இருக்கும்போது அதுதான் முதலில். சோளத்தட்டையை நறுக்கியே போடுங்கள், முழுசாகப் போட்டால் அடித்தண்டு அப்படியே மிஞ்சும். தாளில் புரதம் குறைவு. அதனால் 8 கிலோவில் ஒன்றிரண்டு கிலோ கடலைக்கொடியாக இருக்கட்டும், அப்புறம் தினம் 50 கிராம் தாது உப்பு. உழவு நாட்களில் கொஞ்சம் புண்ணாக்கும் தவிடும் கூட்டுங்கள்.

ஒன்று முக்கியம். கோடை மழைக்குத் துளிர்க்கும் சோளக்கட்டையில் மாட்டை மேய விடவே விடாதீர்கள். அந்த இளங்குருத்தில் சயனைடு நஞ்சு உண்டு, சில நிமிடங்களில் மாடு சாய்ந்துவிடும்.