பழைய அவுட்லுக் பிஎஸ்டி ஃபைல் பாஸ்வேர்ட் கேட்கிறது, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. உள்ளே இருக்கும் மெயில்களை இனி எடுக்கவே முடியாதா?

எடுக்கலாம். பிஎஸ்டி என்பது அவுட்லுக் என்ற மெயில் மென்பொருள் மெயில்களைச் சேர்த்து வைக்கும் ஃபைல். உங்கள் கேள்வியில், பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்து வைத்த பிஎஸ்டி ஃபைலைப் புது லேப்டாப்பில் திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கிறது என்றும், நினைவில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஃபைல் கெட்டுப்போகாமல் இருந்தால் மெயில்கள் அப்படியே உள்ளேதான் இருக்கின்றன. யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள், எதையும் அழித்துவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படித்துவிட்டு நிதானமாகச் செய்யுங்கள்.

இதே சிக்கல் எங்கள் வீட்டில் வந்தது. என் பெரியப்பா கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்து வந்தார். திடீரென்று தவறிவிட்டார். அவருடைய மெயில் எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு டெஸ்க்டாப்பில், அவுட்லுக் 2003-இல் இருந்தது. பாப்3 அக்கவுண்ட். அதில் மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரில் இருந்து நீங்கிவிடும். சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கச் சொல்லித் தனியாகக் குறி போட்டிருந்தால்தான் அங்கேயும் இருக்கும். பெரியப்பா போட்டிருக்கவில்லை. ஆகவே பல வருட வியாபாரமும் அந்த ஒரே ஃபைலுக்குள் கிடந்தது.

பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். எந்தத் தறிக்காரருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று பெரியப்பா மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளைக்கு மெயில் அனுப்புவார். அந்த மெயில்கள் வேண்டும். "கூலி பாக்கி வெச்சுட்டுப் போயிட்டாருன்னு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது கண்ணு" என்றார். ஒரு சர்வீஸ் கடையில் கேட்டதற்கு, பாஸ்வேர்ட் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கடையில் ஹார்ட் டிஸ்க்கை விட்டுப் போங்கள், எட்டாயிரம் ஆகும் என்றார்கள். அப்புறம்தான் நானே உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் தெரிந்த முக்கியமான விஷயம் இது. பிஎஸ்டி ஃபைலுக்கு வைக்கும் பாஸ்வேர்ட் உள்ளே இருக்கும் மெயில்களைப் பூட்டுவதே கிடையாது. பாஸ்வேர்டை சிஆர்சி-32 என்ற கணக்கில் போட்டு, கிடைக்கும் ஓர் எண்ணை ஃபைலுக்குள் ஒரு மூலையில் எழுதி வைக்கிறார்கள். நாம் பாஸ்வேர்ட் அடிக்கும்போது அதே கணக்கைப் போட்டு, எண் ஒத்துவந்தால் அவுட்லுக் திறக்கிறது. ஒத்துவராவிட்டால் மறுக்கிறது. மறுப்பது அவுட்லுக் மட்டும்தான். அந்த எண்ணைக் கண்டுகொள்ளாத வேறொரு மென்பொருள் அதே ஃபைலைத் தாராளமாகப் படித்துவிடும். மைக்ரோசாஃப்ட் 2010-இல் பிஎஸ்டி ஃபைலின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணத்தை வெளியிட்டபோது இதை அவர்களே எழுதிவிட்டார்கள். பழைய அவுட்லுக்கில் ஃபைலை உருவாக்கும்போது 'கம்ப்ரஸிபிள்', 'ஹை' என்று இரண்டு வகை என்கிரிப்ஷன் (படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) காட்டும். அவையும் நிலையான அட்டவணைகளை வைத்து எழுத்துகளை மாற்றிப்போடுபவைதான். நம் பாஸ்வேர்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, அட்டவணைகளும் அதே ஆவணத்தில் இருக்கின்றன.

சிஆர்சி-32 தரக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடிதான். ஆங்கிலச் சிறிய எழுத்துகளை மட்டும் வைத்து ஏழு எழுத்தில் எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்று பெருக்கிப் பாருங்கள், 803 கோடி வரும். ஆக ஒரே எண்ணுக்குப் பல சொற்கள் பொருந்தித்தான் ஆக வேண்டும். நீங்கள் வைத்த பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அதே எண்ணைத் தரும் ஏதோ ஒரு சொல் போதும். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது இன்றைய கம்ப்யூட்டருக்குச் சின்ன வேலை.

ஆனால் அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்பது எந்தப் பாஸ்வேர்ட்? என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் குழம்பியிருந்தார்கள். வருகிற பெட்டியில் பிஎஸ்டி ஃபைலின் பெயரோ 'டேட்டா ஃபைல்' என்ற சொல்லோ இருந்து, பாஸ்வேர்டுக்கு மட்டும் ஒரே ஒரு கட்டம் இருந்தால், அது ஃபைலின் பாஸ்வேர்ட். சர்வர் பெயர், யூசர் நேம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது மெயில் அக்கவுண்டின் பாஸ்வேர்ட். ஃபைலில் கோளாறு ஏதும் இல்லை. ஜிமெயிலை அவுட்லுக்கில் வைத்திருக்கும் பலருக்கு 2022 மே 30-க்குப் பிறகு இந்தப் பெட்டி ஓயாமல் வர ஆரம்பித்தது. வெறும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து வெளி மென்பொருள்கள் உள்ளே வருவதைக் கூகுள் அன்றோடு நிறுத்தத் தொடங்கியதுதான் காரணம். அவுட்லுக் புதிய பதிப்பாக இருந்தால் அக்கவுண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால், கூகுளின் லாகின் பக்கம் வழியாகவே உள்ளே போய்விடும். பழைய பதிப்பாக இருந்தால் கூகுள் அக்கவுண்டில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்ட்' என்ற 16 எழுத்துப் பாஸ்வேர்டை உருவாக்கி அதைப் போட வேண்டும். சரியாகப் போட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அங்கே தங்கியிருக்கும் பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

ஃபைலின் பெயர் ஓஎஸ்டி என்று முடிந்தால் அது வேறு கதை. அது சர்வரில் இருப்பதன் நகல். அதற்கென்று தனிப் பாஸ்வேர்ட் கிடையாது. அக்கவுண்ட் உயிரோடு இருக்கிறது என்றால் அவுட்லுக்கை மூடிவிட்டு அந்த ஃபைலுக்கு வேறு பெயர் கொடுங்கள். திறந்ததும் சர்வரில் இருந்து எல்லாம் திரும்ப இறங்கிவிடும்.

'அனுமதி இல்லை' என்று விண்டோஸே தடுப்பது மூன்றாவது வகை. பழைய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி வழியாகப் புது லேப்டாப்பில் மாட்டினால் இது அநேகமாக வரும். எனக்கும் வந்தது. பழைய கம்ப்யூட்டரின் யூசர் ஃபோல்டருக்கு விண்டோஸ் போட்ட தடை அது. லேப்டாப்பின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து அனுமதியை ஏற்றுக்கொண்டால் விலகிவிடும். டிஸ்க் முழுவதுமே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது உண்மையான பூட்டு, இங்கே நான் சொல்லும் எந்த வழியும் அதற்கு உதவாது.

சரி, உங்களுடையது பிஎஸ்டி பாஸ்வேர்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை நகல் எடுப்பது. அவுட்லுக் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைலை நகலெடுக்க விடாது. மூல ஃபைலை ஒரு வெளி டிஸ்க்கில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். இனி செய்வதெல்லாம் நகலில்தான். எவ்வளவு அவசரம் என்றாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பாஸ்வேர்ட் கட்டத்தில் எதுவுமே அடிக்காமல் ஓகே கொடுத்துப் பாருங்கள். அதற்கே திறந்த ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். கேப்ஸ் லாக் ஒருமுறை பாருங்கள், சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் இங்கே வேறு வேறு. என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுக் கருவி பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் தமிழ் எழுத்து விழுவது நம் கண்ணுக்குத் தெரியாது. பிஎஸ்டி பாஸ்வேர்ட் அதிகபட்சம் 15 எழுத்துதான் என்பதும் நினைவிருக்கட்டும். நீளமான ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தால் அது இதற்கு வைத்ததாக இருக்காது.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதா? அப்படியென்றால் அதில் அவுட்லுக்கைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள் என்று அன்று யாராவது குறி போட்டிருந்தால், அங்கே கேட்காமலே திறக்கும். திறந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. பாஸ்வேர்ட் வைக்காமல் புதிதாக ஒரு டேட்டா ஃபைலை அங்கேயே உருவாக்கி, எல்லா ஃபோல்டர்களையும் அதற்குள் நகலெடுங்கள். அந்தப் புது ஃபைலைக் கொண்டுவந்தால் போதும். இதை முடிக்கும் வரை அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் உயிர் பெறவே இல்லை. நான் பயன்படுத்தியது நிர்சாஃப்டின் பிஎஸ்டிபாஸ்வேர்ட் என்ற இலவசக் கருவி. நிர் சோஃபர் என்பவர் எழுதியது. அது ஓட அவுட்லுக் கூடத் தேவையில்லை, ஃபைல் இருந்தால் போதும். அதில் இருக்கும் எண்ணைப் படித்து, பொருந்தக்கூடிய மூன்று பாஸ்வேர்டுகளைக் காட்டும். ஒன்று சரிவராவிட்டால் அடுத்தது. பாஸ்வேர்ட் எடுக்கும் கருவி என்பதால் ஆன்டிவைரஸ் இதைப் பார்த்ததும் கத்தும். அதனால் நிர்சாஃப்டின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடங்களில் அதே பெயரில் என்ன வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஃபைலை அப்லோட் செய்யுங்கள், திறந்து தருகிறோம் என்று அழைக்கும் தளங்களுக்கு உங்கள் மெயில்கள் முழுவதையும் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்றும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வங்கிக் கடிதம், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

லினக்ஸ் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் பாஸ்வேர்டே தேடாத வழியும் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸில் பிஎஸ்டி-யுடில்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் ரீட்பிஎஸ்டி என்ற கருவி வரும். அது பாஸ்வேர்ட் எண்ணைப் பொருட்படுத்தாது. எல்லா மெயிலையும் இணைப்புகளோடு எம்பாக்ஸ் என்ற பொதுவான மெயில் ஃபைல் வடிவில் கொட்டிவிடும். அதைத் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருளில் திறந்து படிக்கலாம். அவுட்லுக்குக்கு மாதச் சந்தா கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

இரண்டு வழிக்கும் மசியாத ஃபைல் பெரும்பாலும் கெட்டுப்போன ஃபைலாகத்தான் இருக்கும். அவுட்லுக் 2002 வரை பிஎஸ்டி ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. அதை நெருங்கினாலே பழுதாகும். 2003-இல் புதிய வடிவம் வந்து எல்லை 20 ஜிபி ஆனது, 2010-இல் 50 ஜிபி. உங்கள் ஃபைல் பழைய வடிவத்தில் 2 ஜிபியை ஒட்டி இருந்தால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். அவுட்லுக்கோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுபார்க்கும் கருவியை நகலின் மேல் ஓட்டுங்கள். அது ஃபைலையே திருத்தி எழுதும் என்பதால்தான் நகலை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இதெல்லாம் உங்கள் ஃபைலுக்கு, அல்லது குடும்பத்தார் சம்மதத்தோடு குடும்பத்து ஃபைலுக்கு. அலுவலகத்து மெயில் என்றால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு தொடுங்கள். நான் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தேன்.

திறந்த பிறகு, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதில் டேட்டா ஃபைல்ஸ், உங்கள் ஃபைலைத் தேர்ந்தெடுத்து செட்டிங்ஸ், சேஞ்ச் பாஸ்வேர்ட். பழைய பாஸ்வேர்ட் கட்டத்தில் கருவி தந்ததைப் போட்டு, புதிய பாஸ்வேர்ட் கட்டங்கள் இரண்டையும் காலியாக விட்டு ஓகே கொடுங்கள். இவ்வளவு எளிதாகக் கழன்றுவிடும் ஒன்றை மறுபடி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெயில்களை யாரும் பார்க்கக்கூடாது என்றால் ஃபைல் இருக்கும் டிஸ்க்கையே பிட்லாக்கர் போன்ற ஒன்றால் பூட்டுங்கள். மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். பிஎஸ்டி ஃபைலை அலுவலக நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறக்காதீர்கள், மைக்ரோசாஃப்டே அதை ஆதரிப்பதில்லை. ஒன்டிரைவோடு இணைந்த ஃபோல்டரிலும் வேண்டாம்.

எங்களுக்குக் கருவி காட்டிய மூன்றில் இரண்டாவதற்கு ஃபைல் திறந்தது. பொருளே இல்லாத ஏழெட்டு எழுத்துகள். அதன் எண் பெரியப்பா வைத்ததன் எண்ணோடு ஒத்துப்போனது, அவ்வளவுதான். அவர் உண்மையில் வைத்த சொல் என்னவென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கடைசியாக அனுப்பிய கூலி மெயிலில் பதினொரு தறிக்காரர்கள் பெயர் இருந்தது. பெரியம்மா அதை ஒரு நோட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாக ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

உங்கள் திரையில் வரும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, ஃபைலின் அளவு என்ன என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.