வகுப்பில் ஆசிரியை நடத்தும் ஜெபம்

வணக்கம். ஒஹாயோவில் உங்கள் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ஆசிரியை தினமும் வகுப்பை எழுப்பி நிறுத்தி ஜெபம் சொல்வதாகவும், "விருப்பமில்லாதவர்கள் சும்மா நிற்கலாம்" என்று சமாதானம் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தச் சலுகை செல்லாது. கட்டாயமில்லை என்றாலும் அரசுப் பள்ளி ஜெபம் நடத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இலேயே ஏங்கல் வழக்கில் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளை அத்தனை பேர் நடுவில் எப்படி மறுக்கும்?

பள்ளித் தரப்பு, அதே நீதிமன்றம் 2022-இல் கென்னடி வழக்கில் சொன்ன தீர்ப்பை உங்களிடம் காட்டலாம். அது ஆட்டம் முடிந்ததும் ஓர் அரசுப் பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளர் தனக்காகச் செய்த ஜெபம் பற்றியது. வகுப்பையே ஜெபிக்க வைப்பது பற்றியது அல்ல.

தேதி, சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் குறித்துப் பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பள்ளி மாவட்டத்தின் கல்விக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மகளின் ஜெபத்தை யாரும் தடுக்கவில்லை, அவள் விரும்பினால் தனியே ஜெபிக்கலாம் என்பதையும் அதில் எழுதுங்கள்; நீங்கள் எதிர்ப்பது ஆசிரியை நடத்தும் ஜெபத்தை மட்டுமே என்பது அப்போது தெளிவாகும்.