எக்ஸைக் கண்டால் நோட்டை மூடுகிறாள்

கேள்வி: நான் முக்கூடல் பக்கம். பீடி சுற்றுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு அதோடு படிப்பை நிறுத்தியவள். மகள் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். கூட்டல், பெருக்கல் எல்லாம் நன்றாகப் போடுவாள். எக்ஸ், ஒய் வந்த நாளிலிருந்து கணக்கு நோட்டைத் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறாள். எண்ணுக்கு நடுவில் எழுத்து எதற்கு, எவன் கண்டுபிடித்தான் என்று என்னிடம் சண்டை. டியூஷனுக்குக் கேட்கிற பணம் கட்டுப்படியாகாது. நானே படித்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

பதில்: முடியும். டியூஷன் பணத்தை இப்போதைக்கு முடிந்து வையுங்கள். மகளிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: எழுத்து எதற்கு என்று அவள் சண்டை பிடிப்பதில் நியாயம் இருக்கிறது, இயற்கணிதம் (அல்ஜிப்ரா) பிறந்து மூவாயிரம் வருசத்துக்கும் மேல் கழித்துத்தான் அதற்குள் எக்ஸ் வந்தது. அதுவரைக்கும் எல்லாரும் வாய் வார்த்தையில்தான் போட்டார்கள்.

நீங்களும் போடுகிறீர்கள். உங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி எப்படிப் பிரிக்கிறார்கள்? செலவு 1,50,000 ரூபாய் என்று வைப்போம். மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் அனுப்பிய நன்கொடை 30,000. ஊரில் 48 தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கிற குடும்பம். நோட்டு எழுதுகிறவர் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் நன்கொடையைக் கழிப்பார், 1,20,000. அதை 48-ஆல் வகுப்பார், தலைக்கட்டுக்கு 2,500. இதையே உங்கள் மகளின் புத்தகம் 48 எக்ஸ் + 30,000 = 1,50,000 என்று எழுதுகிறது. அந்த எக்ஸ் வேறு யாரும் இல்லை, தலைக்கட்டு வரிதான். இந்தக் கணக்கை எழுத்தே இல்லாமல் அவளிடம் கேட்டுப் பாருங்கள், போட்டுவிடுவாள். போட்ட பிறகு, அவள் செய்ததற்குப் பக்கத்திலேயே எக்ஸ் வைத்து எழுதிக் காட்டுங்கள். இந்த வரிசைதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது, எக்ஸை முதலில் இறக்கிவிட்டு, அது எதற்கு என்பதை நாலு மாசம் கழித்து 'வார்த்தைக் கணக்கு' என்ற தலைப்பில் சொல்கிறார்கள்.

சரி, எவன் கண்டுபிடித்தான்? ஒருத்தன் இல்லை. சுமார் 3,500 வருசத்துக்கு முன் எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் பாப்பிரஸ் தாளில் பிரதி எடுத்து வைத்த கணக்குகள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று: ஒரு அளவு, அதோடு அதில் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19, அந்த அளவு என்ன? அவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, முதலில் தைரியமாக ஒரு தப்பான விடையை எடுத்துக்கொள்கிறார்கள். 7 என்று வை. ஏழில் ஒரு பங்கு 1, சேர்த்தால் 8. நமக்கு 8 வேண்டாம், 19 வேண்டும். 8-ஐ எத்தனை மடங்கு ஆக்கினால் 19 வருமோ, 7-ஐயும் அத்தனை மடங்கு ஆக்கு. விடை பதினாறும் எட்டில் ஐந்தும். உங்கள் மகளுக்கு எக்ஸ் போட்டுத் தொடங்கப் பயமாக இருந்தால் இப்படி ஊகத்தில் தொடங்கச் சொல்லுங்கள். மார்க்கு கிடைக்காது, ஆனால் கணக்கு என்ன கேட்கிறது என்று புரிந்துவிடும், அது புரியாமல்தான் முக்கால்வாசிப் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

அல்ஜிப்ரா என்ற பேர் பாக்தாத்தில் பிறந்தது. சுமார் 820-இல் அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் 'அல் ஜப்ர்', 'முகாபலா' என்று இரண்டு சொற்கள் வரும். சொத்துப் பாகப்பிரிவினை, நில அளவு, வியாபாரம், இதற்கெல்லாம் உதவ எழுதிய புத்தகம். அதில் எக்ஸும் இல்லை, பிளஸ் மைனஸ் குறியும் இல்லை, எல்லாம் வசனம். தெரியாத எண்ணுக்கு அவர் வைத்த பேர் 'ஏதோ ஒரு பொருள்' என்கிற மாதிரி ஒரு அரபுச் சொல், நாம் பேர் நினைவு வராதபோது 'அந்த இதை எடு' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அல் ஜப்ர் என்றால் உடைந்ததை மறுபடி சேர்ப்பது. ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியருக்கே அல்ஜிபிரிஸ்தா என்றுதான் பேர் இருந்தது.

இந்த எலும்புக் கட்டுச் சமாச்சாரம் எனக்குத் தெரியவந்தது பாளையங்கோட்டையில் இருபது வருசம் கணக்கு வாத்தியாராகக் குப்பை கொட்டிய பிறகு. அதுவரை நானும் 'அந்தப் பக்கம் போனா மைனஸ் பிளஸ் ஆயிரும், எழுதிக்கோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, "கொக்கிரகுளம் பாலத்தத் தாண்டி அந்தப் பக்கம் போனா ஆளு மாறிருவானா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவனை முட்டி போடச் சொன்னேன். அவன் கேட்டது சரியான கேள்வி, பதில் தெரியாத கோபத்தைத்தான் அவன்மேல் காட்டினேன்.

பதில் இதுதான், மகளுக்கும் சொல்லுங்கள். எக்ஸ் − 7 = 20. இடது பக்கம் இருக்கிறவர் ஏழு குறைந்து முறிந்து கிடக்கிறார். அவருக்கு ஏழு கொடுத்துக் கட்டுப் போட வேண்டும். ஒரு தட்டில் மட்டும் போட்டால் தராசு சாய்ந்துவிடும் இல்லையா, அதனால் அடுத்த தட்டிலும் ஏழு. எக்ஸ் = 27. எதுவும் பாலம் தாண்டவில்லை, எதுவும் மாறவில்லை, இரண்டு தட்டிலும் ஒரே எடையைப் போட்டோம், அவ்வளவுதான். இதுதான் அல் ஜப்ர். கொடைக் கணக்கில் இரண்டு பக்கமும் 30,000-ஐ எடுத்தோமே, இரண்டு பக்கமும் சமமாகக் கழிக்கிற அந்த வேலைதான் முகாபலா. மூன்று வாரத்துக்கு 'அந்தப் பக்கம் போனா' என்ற வார்த்தையே வீட்டில் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் கீழே 'இரண்டு பக்கமும் இதைச் செய்தேன்' என்று எழுதட்டும். கை வலிக்கிறது என்பாள், எழுதட்டும்.

நம் நாட்டுக்காரர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் மைனஸ் எண்ணைக் கடன் என்றும் பிளஸ் எண்ணைத் தனம் என்றும் சொல்லி, சூன்யத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் என்று விதி போடுகிறார். மளிகைக் கடைப் பற்று நோட்டு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இது புரியும், கடைக்காரர் ஒரு 200 ரூபாய்ப் பற்றை அடித்துவிட்டால் உங்கள் கையில் 200 ரூபாய் கொடுத்த மாதிரி. தெரியாத எண்ணுக்கு நம்மவர்கள் சொன்னது 'யாவத் தாவத்', எவ்வளவோ அவ்வளவு! இரண்டாவது, மூன்றாவது எண்ணும் தெரியவில்லை என்றால் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தின் பேர். எக்ஸையும் ஒய்யையும் குழப்புகிற பிள்ளைக்கு இரண்டு கலர் பென்சில் வாங்கிக் கொடுங்கள், இது பழைய சரக்கு. தமிழிலும் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ண ஒரு வழி உண்டு, காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டுமாம். குற்றாலச் சீசனில் ஒரு பழம் வாங்கினால் எண்ணிப் பாருங்கள். விடை ஒத்துவருவது பழத்தின் சமர்த்து, ஆனால் எழுத்தில்லாத ஃபார்முலா எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எழுத்து பிறகுதான். சமக் குறி 1557-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு போட்டது. 1591-இல் பிரான்சில் வியத் எழுத்துகளை முறையாகப் பயன்படுத்தினார், 1637-இல் டெக்கார்ட் எக்ஸ், ஒய், இசட்டை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வசனமாக எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனவர்கள் கண்டுபிடித்த சுருக்கெழுத்து என்று மகளிடம் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் அடுத்த கண்டம் 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்'. ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். இதற்குக் காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் போதும். அவளுக்குத் தெரியாமல் 3 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று, 3-க்கு 5 பட்டை இரண்டு வெட்டுங்கள். ஸ்கேலை ஒளித்து வையுங்கள். மூன்றையும் கொடுத்து, "மொத்தப் பரப்பு 39, பட்டையின் அகலம் 5, சதுரத்தின் பக்கம் என்ன?" என்று கேளுங்கள். சதுரத்துக்கு வலப்பக்கம் ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை ஒட்டினால், மூலையில் ஒரு ஓட்டை விழும். அது 5-க்கு 5, அதாவது 25. அதையும் ஒரு அட்டையால் அடைத்தால் 39 + 25 = 64, முழுசும் ஒரு பெரிய சதுரம், பக்கம் 8. எட்டில் பட்டை ஐந்து போக 3. அல் குவாரிஸ்மியின் புத்தகத்தில் இருக்கிற கணக்கேதான் இது, 1,200 வருசமாக ஓடுகிறது. சின்னச் சதுரம் ஏ ஸ்கொயர், அடைத்த மூலை பி ஸ்கொயர், இரண்டு பட்டையும் சேர்ந்து 2 ஏபி. இதைக் கையால் செய்த பிள்ளை அதற்குப் பிறகு ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயரோடு நிறுத்தினால், "அந்த ரெண்டு பட்டை எங்கட்டி போச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு குழி, எக்ஸ் 3 என்றால் 2 எக்ஸ் 23 என்று எழுதுவது. சிரிக்காதீர்கள், 2-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் எழுதினால் இருபத்து மூன்று என்று நாம்தானே ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். நடுவில் பெருக்கல் குறி ஒளிந்திருக்கிறது, கொஞ்ச நாள் அதை எழுதியே போடட்டும்.

உங்கள் படிப்புக்கு: பாடநூல் கழகத்தின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் தமிழ் மீடியத்தில் செல்போனிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எட்டில் தொடங்காதீர்கள். ராத்திரி இருபது நிமிசம், அதற்கு மேல் வேண்டாம், நாள் முழுக்கப் பீடித்தட்டோடு குனிந்திருந்த முதுகுக்கு அதுவே அதிகம். முதல் வாரம் பின்னமும் மைனஸ் எண்ணும் மட்டும், இயற்கணிதத்தில் விழுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் அங்கேதான் விழுகிறார்கள். முடிந்தால் அவளை டீச்சராக்கி நீங்கள் மாணவியாக உட்காருங்கள். அம்மாவுக்கு விளக்குவதற்காகவாவது நோட்டைத் திறப்பாள்.

தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சமன்பாட்டுக் கணக்கில் ஒரு வசதி, விடை சரியா என்று வாத்தியாரைக் கேட்கவே வேண்டாம். வந்த விடையை எக்ஸ் இருந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 48 பெருக்கல் 2,500, அதோடு 30,000, மொத்தம் 1,50,000 வந்துவிட்டதா, சரி. வரவில்லையா, இரண்டு பேரும் சேர்ந்து மேலேயிருந்து வரி வரியாகத் தேடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு மைனஸ் குறியில்தான் கிடக்கும்.