ஏறுகிற தண்ணீருக்குப் பரவ இடம் வேண்டும்: வங்கதேசக் கழிகள் பற்றிக் கேள்வி பதில்

வங்கதேசத்தின் தென்மேற்கில், குல்னா, ஜெசோர் பக்கத்து ஆறுகள், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் கழிகள், ஏன் தூர்ந்துபோகின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: சார், கடலுக்குப் போகவேண்டிய மண் கழியிலேயே எப்படித் தங்குகிறது?

பதில்: கடலுக்குப் போன மண்தான் ஓதத்தோடு, அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றும் ஓட்டத்தோடு, திரும்பி வருகிறது. ஆழம் குறைந்த கழியில் ஏற்றம் சீக்கிரம் முடியும், வற்றம் நீளும். வேகமாக ஏறும் நீர் சேற்றைக் கலக்கி அள்ளி வரும். அந்த நீரை ஒரு பாட்டிலில் மொண்டு அசையாமல் வைத்தால், கொஞ்ச நேரத்தில் அடியில் சேறு படியும். ஏற்றத்தின் உச்சியில் நீர் நிற்கும்போது கழியிலும் அதுதான் நடக்கிறது. மெதுவாக வற்றும் நீரால் படிந்த அத்தனையையும் கிளப்ப முடியாது. தினமும் இரண்டு தடவை இப்படி.

கேள்வி: அப்படியானால் கழிகள் முன்பே தூர்ந்திருக்க வேண்டுமே?

பதில்: இருபுறமும் தாழ்நிலம் திறந்து கிடந்தது. ஏறிய நீர் அங்கே பரவி, வண்டலை இறக்கிவிட்டு, மொத்தமாகத் திரும்பும்போது கழியை அரித்து ஆழமாக வைத்திருந்தது. 1960களில் உப்புநீரைத் தடுக்கத் தாழ்நிலத்தைச் சுற்றிலும் கரைகள், அதாவது சுற்றுக்கரைகள், போட்டார்கள். நீர் பரவ வழியில்லாமல் வண்டல் கழியிலேயே விழுந்தது. உள்நிலமோ வண்டலின்றி அமுங்கியது. அவற்றில் 32ஆம் எண் சுற்றுக்கரைக்குள் நிலம் வெளிநிலத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் பள்ளம். 2009 மே மாதம் ஐலா புயலில் அந்தக் கரை உடைந்ததும் கடல்நீர் உள்ளே வந்து தங்கிவிட்டது. இதை வெறும் இயற்கைச் சீற்றம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: தூர் வாரினால் போதாதா?

பதில்: வாரலாம். நீர் பரவ இடமில்லாதவரை மறுபடி தூரும்.

கேள்வி: அண்ணா, ஊர்க்காரர்களே கரையை வெட்டினார்களாமே?

பதில்: ஆமாம் தம்பி. 1997இல், ஹரி ஆற்றோரம் பைனா பீல் என்ற, சுமார் 600 ஹெக்டேர் தாழ்நிலத்தில். 2001 வரை ஓதம் உள்ளே வந்து போனது. வெட்டுவாய்ப் பக்கம் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. கடைக்கோடி வயல்களுக்கு வண்டல் அவ்வளவாகப் போகவில்லை. அத்தனை வருஷம் வயலைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களின் இழப்பீட்டைப் பேசாமல் இந்த முறையைப் புகழ்வது நியாயமில்லை.

கேள்வி: காவிரி டெல்டாவில் இதைச் செய்யலாமா?

பதில்: அப்படியே எடுத்துவர முடியாது. வங்கதேசத்தில் ஓதம் இரண்டு மூன்று மீட்டர் ஏறும். நம் கரையில் ஒரு மீட்டர்கூட இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் வருஷத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண் கொண்டுவருகின்றன. காவிரி மண்ணையோ 1934 முதல் மேட்டூர் அணை பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. கரையைத் திறந்தால் தண்ணீர் வரும், நிலத்தை உயர்த்தும் அளவுக்கு மண் வராது.