லியோன் நோட்டரியும் மதுரை நோட்டரியும் ஒன்றல்ல

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநகரில் குடியிருக்கிறேன். என் மகன் பிரான்ஸில் லியோன் நகரில் வேலை பார்க்கிறான். ஒத்தக்கடைப் பக்கம் அவன் பேரில் 5 சென்ட் மனை இருக்கிறது. அதை விற்க எனக்கு பவர், அதாவது அவன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதித் தரச் சொன்னேன். அங்கே நோட்டரியிடம் போனால் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் தருகிறாராம். மனைப் பத்திரம், கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொல்கிறாராம். கட்டணமும் அதிகம். இங்கே புரோக்கரோ, "நோட்டரின்னா எல்லா ஊர்லயும் நோட்டரிதாம்மா. பேப்பர்ல கையெழுத்துப் போட்டு கூரியர்ல அனுப்பச் சொல்லுங்க, கோர்ட் வாசல்ல சீல் வாங்கிர்றேன்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: புரோக்கர் பேச்சைக் கேட்காதீர்கள், அம்மா. உங்கள் மகன் பிரெஞ்சு நோட்டரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். லியோன் பகுதிக்குப் பொறுப்பான, மார்சேய் நகரில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு நேரில் போய், அதிகாரி முன்னால் பவரில் கையெழுத்துப் போட்டு, சான்றொப்பம் வாங்கி அனுப்பினால் போதும். இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் ஏன் அப்படி என்பதற்கான விளக்கம். அது தெரிந்தால்தான் அடுத்து வரும் புரோக்கரிடமும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

குழப்பமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. லத்தீனில் 'நோட்டா' என்றால் குறி, அடையாளம். பேசப் பேச அதைச் சுருக்கெழுத்துக் குறிகளால் எழுதியவர் 'நோட்டாரியுஸ்'. பழைய ரோமில் பெரும்பாலும் அடிமைகள் செய்த வேலை அது. ரோமப் பேச்சாளர் சிசரோவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற தீரோ என்பவர்தான் அந்தச் சுருக்கெழுத்தை உருவாக்கினார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் பேரரசரின் அரண்மனைச் செயலர்களுக்கும் அதே பெயர் வந்தது. ரோமப் பேரரசு போன பிறகு ஒவ்வொரு நாடும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டிய வேலையை அதற்குக் கொடுத்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

பிரான்ஸில் 'நொத்தேர்' என்பவர் நீதித்துறை அமைச்சர் நியமிக்கும் பொது அதிகாரி. 1803-ல் நெப்போலியன் காலத்தில் வந்த சட்டம் அந்தப் பதவிக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தது. வீடு விற்றாலும் வாங்கினாலும் பத்திரம் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். வாரிசுச் சொத்துப் பிரிப்பதும், கல்யாணத்துக்கு முன் கணவன் மனைவி செய்துகொள்ளும் சொத்து ஒப்பந்தமும் அவர் எழுதுவதுதான். எழுதிய பத்திரத்தின் மூலப்படி அவரிடமே இருக்கும். 75 ஆண்டுகள் வரை அதைப் பத்திரமாக வைத்திருந்து, பிறகு அரசு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால் பத்திர எழுத்தர், வழக்கறிஞர், சார்பதிவாளர் மூவரின் வேலையிலும் பாதிப் பாதி அவர் தலையில் இருக்கிறது. எழுதியதில் பிழை இருந்தால் பொறுப்பும் அவருடையதே. அதனால்தான் மனைப் பத்திரம் எங்கே, கல்யாணம் எந்தச் சட்டப்படி நடந்தது, மனைவிக்கு உரிமை உண்டா என்று உங்கள் மகனைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். உங்கள் மகனை அலைக்கழிக்க அவர் அப்படிக் கேட்கவில்லை. ஜெர்மனியிலும் இதே கதைதான். அங்கே 'நோட்டார்' சொத்துப் பத்திரம் முழுவதையும் இரு தரப்புக்கும் முன்னால் வாய்விட்டுப் படித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம்.

நம் நோட்டரி வந்த வழி வேறு. அது இங்கிலாந்து வழி. இங்கிலாந்தில் சொத்துப் பத்திரம் எழுதும் வேலையை வழக்கறிஞர்கள் வைத்துக்கொண்டார்கள். நோட்டரிக்கு மிஞ்சியது பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகும் காகிதங்களும் வணிகர்களின் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் வணிகச் சீட்டு) விவகாரமும்தான். 1533 முதல் இன்றுவரை அங்கே நோட்டரியை நியமிப்பது கேன்டர்பரி பேராயரின் அலுவலகம். அந்த மெலிந்த வகைதான் நமக்கும் வந்து, 1952-ன் நோட்டரிகள் சட்டமாயிற்று. பொதுவாகப் பத்தாண்டு தொழில் செய்த வழக்கறிஞரை அரசு நோட்டரியாக நியமிக்கிறது. 'இன்னார் என் முன்னால் கையெழுத்திட்டார்' என்று சான்று கொடுப்பது, பிரமாண வாக்குமூலம் வாங்குவது, நகலைச் சரிபார்ப்பது, மொழிபெயர்ப்புக்குச் சான்று தருவது, புரோநோட்டில் பணம் வராவிட்டால் குறித்துக் கொடுப்பது என்று அவர் வேலைகளைச் சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. மனை உங்கள் மகனுடையதுதானா, விற்க உரிமை உண்டா என்பதையெல்லாம் விசாரிப்பது அவர் வேலை அல்ல.

நம் தமிழிலேயே இந்தச் சொல்லுக்கு இரண்டு உயிர் உண்டு. இலங்கைத் தமிழர்களிடம் கேளுங்கள், 'நொத்தாரிசு' என்பார்கள். டச்சுக்காரர்கள் காலத்துச் சொல். அங்கே காணி உறுதி என்று அவர்கள் சொல்லும் நிலப் பத்திரத்தை நொத்தாரிசுதான் எழுதி முடிப்பார். அவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்தாகாத காணி விற்பனை அங்கே செல்லாது. 1840-ல் வந்த மோசடித் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் குடியேறிய ஒரு பெரியவர், இங்கே நோட்டரி சீல் வைத்த வெறும் ஒப்பந்தத்தை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "நொத்தாரிசு போட்டாச்சே ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஊரில் அது சரிதான். இங்கே 100 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த நிலமும் பதிவு செய்த பத்திரம் இல்லாமல் விலைக்குக் கைமாறாது. அந்த ஒப்பந்தம் அவருக்கு ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

இந்தப் பெயரை வைத்துப் பிழைப்பு நடத்தும் கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. மெக்சிகோவில் 'நொட்டாரியோ' என்றால் பெரிய சட்ட அதிகாரி. அமெரிக்காவில் 'நோட்டரி பப்ளிக்' என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி நிற்கும் சாதாரண ஆள், சட்டம் படித்திருக்கவே வேண்டியதில்லை. அங்கே குடியேறும் ஸ்பானிஷ் பேசும் மக்களிடம் 'நொட்டாரியோ' என்று பலகை மாட்டி, விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிப்பது பெரிய மோசடியாகவே வளர்ந்தது. டெக்சஸ், கலிஃபோர்னியா மாநிலங்களில் அந்தச் சொல்லை ஸ்பானிஷில் அப்படியே பெயர்த்து விளம்பரம் செய்யவே தடை இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு தடையும் இல்லை. 'நோட்டரி பத்திரம்', 'நோட்டரி கல்யாணம்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்கிறார்கள். சீல் வைத்த பிரமாணப் பத்திரம் எந்தச் சட்டத்திலும் கல்யாணம் ஆகாது. இதைக் கேட்டுப் பதறி வரும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, உங்கள் புரோக்கர் சொல்லும் வழிக்கு வருவோம். கோர்ட் வாசலில் சீல் வைக்கும் அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டே பார்ப்போம். வட்ட முத்திரை, சிவப்பு ஒட்டு வில்லை, நோட்டரி ஸ்டாம்ப், அதற்குக் கீழே 'என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது' என்ற வரி, தேதி. ஒழுங்கான நோட்டரி என்றால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அதில் கட்சிக்காரரின் கையெழுத்தையும் வாங்குவார். உங்கள் மகன் அந்தத் தேதியில் லியோனில் இருக்கிறார். பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுவது? நாளைக்கு வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் மகனின் பாஸ்போர்ட் நகலைக் கேட்பார். அந்தத் தேதியில் அவர் இந்தியாவில் இல்லை என்பதை இமிகிரேஷன் முத்திரையே சொல்லிவிடும். விற்பனை நிற்பதோடு போகாது, பொய் ஆவணம் தயாரித்ததாக உங்கள் பேரிலும் புகார் வரலாம். புரோக்கர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பலர் பாதியைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், நிலம் வீடு சம்பந்தப்பட்ட பவர் எல்லாம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். நோட்டரி சீல் மட்டும் வைத்த உள்ளூர் பவரைக் கொண்டு மனையை விற்க முடியாது. ஆனால் அந்தத் திருத்தத்திலேயே ஒரு விலக்கு உண்டு: இந்தியாவுக்கு வெளியே எழுதிக் கையெழுத்தான பவருக்கு இந்தக் கட்டாயப் பதிவு இல்லை. உங்கள் மகனைக் காப்பாற்றுவது இந்த விலக்குதான். அது கிடைக்க வேண்டுமென்றால் பவர் உண்மையாகவே வெளிநாட்டில் கையெழுத்தாகி, அங்கேயே சான்றொப்பமும் ஆகியிருக்க வேண்டும். யார் சான்றொப்பம் செய்யலாம் என்பதை 1908-ன் பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவு சொல்கிறது: நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி. இந்த வரிசையில் 'நோட்டரி' என்ற சொல்லும் இருக்கிறது, அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சு நொத்தேர் செய்தாலும் சட்டப்படி அது சரி. ஆனால் அவர் தன் நாட்டு முறைப்படி முழுப் பத்திரமாக எழுதப் புறப்படுவார், பிரெஞ்சில் எழுதுவார், நீங்கள் இங்கே அதை மொழிபெயர்க்க வேண்டும், மகன் அங்கேயே அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணத்தை வேறு நாட்டில் ஏற்பதற்கான சான்று) வாங்க வேண்டும். லியோனிலிருந்து மார்சேய்க்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். தூதரகத்தில் ஆங்கிலப் பவரை அப்படியே சான்றொப்பம் செய்து தருவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பவரின் வாசகத்தை இங்கேயே ஒரு வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள். சர்வே எண், நான்கு எல்லை, தாய்ப்பத்திர எண், விற்க அதிகாரம், பணம் பெற அதிகாரம், பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவுக்குத் தாக்கல் செய்யும் அதிகாரம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். 'எல்லா அதிகாரமும்' என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள். அதை மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வெற்றுத்தாளில் அச்செடுத்தால் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடாமல், ஒவ்வொரு பக்கத்திலும் தூதரக அதிகாரி முன்னால்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

கூரியர் வந்ததும் உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காகிதம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்த நாளுக்கு உறைதான் சாட்சி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, தீர்வை கட்டி, மேலொப்பம் வாங்குங்கள். இங்கேதான் உங்களை அலைய விடுவார்கள். இன்று பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், நாளை மகனின் முகவரிச் சான்று, மறுநாள் 'பெரியவர் லீவு' என்பார்கள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு பட்டியலை வாசலில் ஒட்டி வைத்தால் அறுபது வயதுக்காரர்கள் படியேறி இறங்க வேண்டியதில்லை. இத்தனை கணினி வந்தும் அந்த ஒரு தாளை ஒட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த அலைச்சலைக் காட்டித்தான் புரோக்கர்கள் "நான் முடிச்சுத் தரேன்" என்று உள்ளே வருகிறார்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள், பாதிக் கேள்விகள் நின்றுவிடும்.

பத்திரம் பதியும் நாளில் உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். அதுவரை வாங்குபவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் புரோக்கர் கையில் ரொக்கமாக வேண்டாம், மகனின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) நேராகப் போடச் சொல்லுங்கள். மனையின் மூலப்பத்திரத்தைப் புரோக்கரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.