நாய்க்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும். டாக்டரிடம் கூட்டிப் போகுமுன் வீட்டில் என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்து எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியில் பாராசிட்டமோலும் இபுபுரூஃபனும் கிடக்கும். இரண்டுமே நாய்க்கு ஆபத்து. குட்டி நாய், தடுப்பூசி முடியவில்லை, ரத்தமாகப் போய் நாற்றமும் அடிக்கிறது என்றால் பார்வோ என்ற உயிரைப் பறிக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம். மீதியை அப்புறம் வாசிக்கலாம், இப்போதே கிளம்புங்கள்.

வளர்ந்த நாய்தான், தண்ணீர் குடிக்கிறது என்றால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. எங்களுடையது நாட்டு நாய், பெட்டை. போன ஆனி மழையில் அதற்கு வயிறு கலங்கியது. "கோழிக்கழிவைத் தின்னிருக்கும், ரெண்டு நேரம் பட்டினி போடு மக்கா, சரியாவும்" என்றார் பக்கத்து வீட்டு மைனி. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறை அழுத்திவிட்டு விரலை எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இதற்கு அழுத்தாமலே வெளிறிக் கிடந்தது. மலம் தார் போலக் கறுப்பு. போனில் படமெடுத்தேன். அன்று காலை போனதில் ஒரு ஸ்பூன் அளவு டப்பாவில் எடுத்து மூடினேன். எப்போது தொடங்கியது, வாந்தியில் என்ன வந்தது, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தோம் எல்லாவற்றையும் தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு கிளம்பினோம்.

டாக்டர் முதலில் கேட்டதே "மலம் கொண்டு வந்தீங்களா?" என்றுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொக்கிப்புழு முட்டை. குடல் சுவரைக் கடித்துப் பிடித்து ரத்தம் குடிக்கிற புழு அது. ஈறு வெளிறியதும் மலம் கறுத்ததும் அதனால்தான். ஈர மண்ணில் கிடக்கும் அதன் லார்வா தோல் வழியாகவே உள்ளே போகும். செருப்பில்லாமல் நடக்கிற நம் காலிலும் ஏறி அரிப்பெடுக்கும். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தார், தேறிவிட்டது.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன் இல்லை. "நாட்டு நாய் எதையும் தாங்கும், இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கீழே எழுத வருகிறவர்கள் அந்த டப்பா இல்லாமல் புழுவை எப்படிக் கண்டுபிடித்திருப்போம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோழிக்கழிவு இந்த முறை காரணமில்லை. ஆனாலும் கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை வழியாக ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து நம் ஓடைக்கரையிலும் குளத்தோரத்திலும் கொட்டுகிறார்களே, அதைக் கேட்க ஆளில்லையா? ஊர்க்காரர்கள் பிடித்துக் கொடுத்தால் அபராதம் கட்டிவிட்டுப் போகிறார்கள், பிறகு இன்னொரு வண்டி வருகிறது. அந்தக் குளத்தில்தான் எங்கள் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.